“நானே கறுப்புதான், எனக்கு எப்படி இந்த மதிப்பெண் வந்தது?”

அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலிருந்து வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

வயது 41. பதினான்கு ஆண்டுகளாக அங்கே இருக்கிறார். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஒன்பது பேர் கொண்ட குழுவுக்குத் தலைவி. அலுவலகப் பயிலரங்கு ஒன்றுக்கு முன்னேற்பாடாக, கறுப்பினத்தவர், வெள்ளையர் பற்றிய ‘ஐ.ஏ.டி.’ (Implicit Association Test, மனத்தில் எது எதோடு சட்டென்று இணைகிறது என்று பார்ப்பது) சோதனையை எல்லோரும் இணையத்தில் செய்துவர வேண்டும் என்று ஹெச்.ஆர். சொல்லியிருக்கிறது. இவருக்கு வந்த முடிவு, ‘வெள்ளையர்களின் பக்கம் வலுவான தன்னிச்சை விருப்பம்’. பதறிப்போய் மூன்று நாள் கழித்து மறுபடி செய்தபோது ‘இலேசான விருப்பம்’ என்று வந்திருக்கிறது. பயிலரங்கில் மதிப்பெண்ணை எல்லோர் முன்பும் சொல்லி, மூன்று மாதத்தில் அதைக் குறைக்க இலக்கும் வைக்க வேண்டுமாம்.

“என்னைப் பெண் பார்க்க வந்த மூன்று வீட்டார் நிறத்தைக் காரணம் சொல்லித் தட்டிக்கழித்தார்கள். அந்த வலி தெரிந்த எனக்குள்ளேயே இது இருக்கிறதா? சோதனை மொத்தமும் ஏமாற்று என்கிறார் கணவர். ஆனால் போன மாதம் ஒரு கறுப்பின இளைஞரை, ‘கம்யூனிகேஷன் சரியில்லை’ என்று எழுதி நிராகரித்தேன். இப்போது அது உறுத்துகிறது. அடுத்த மாதம் இன்னும் இரண்டு இடங்களுக்கு ஆள் எடுக்க வேண்டும். நேர்காணலிலிருந்து விலகிவிடலாமா? பக்கத்து வீட்டில் இருக்கும் என் நெருங்கிய தோழி கறுப்பினத்தவர். அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் பின்னிக் கிடக்கின்றன. ‘நான் எப்படிப்பட்டவள்?’ என்பது ஒன்று. ‘அந்த இளைஞருக்கு அநியாயம் செய்துவிட்டேனா?’ என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு அந்தச் சோதனையால் பதில் சொல்ல முடியாது. இரண்டாவதற்கான பதில் உங்கள் அலுவலகக் கோப்பிலேயே இருக்கிறது. நீங்களோ முதல் கேள்வியில் மூன்று வாரத் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறீர்கள். அதனால் சோதனை எதை அளக்கிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தப் பத்து நிமிடத்தில் நடந்தது என்ன?

இந்தச் சோதனையை 1998-இல் வெளியிட்டவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆண்டனி கிரீன்வால்ட். மஹ்சரின் பனாஜி, பிரையன் நோசெக் ஆகியோர் அவரோடு சேர்ந்து அதை வளர்த்தார்கள். பனாஜி நம் செகந்திராபாத்தில் பிறந்தவர்.

நீங்கள் செய்ததை நினைவுபடுத்திப் பாருங்கள். இடது விரல் ஈ விசையில், வலது விரல் ஐ விசையில். திரையின் நடுவில் ஒரு முகமோ ஒரு சொல்லோ தோன்றும். ஒரு கட்டத்தில் வெள்ளையர் முகத்துக்கும் நல்ல சொற்களுக்கும் ஒரே விசை, கறுப்பினத்தவர் முகத்துக்கும் கெட்ட சொற்களுக்கும் மற்றது. இன்னொரு கட்டத்தில் ஜோடி மாறிவிடும். கறுப்பினத்தவர் முகத்துக்கும் ‘மகிழ்ச்சி’ போன்ற சொல்லுக்கும் ஒரே விரல். அப்போது விரல் ஒரு கணம் தயங்கும், தவறான விசையைத் தட்டும், சிவப்பில் பெருக்கல் குறி வரும், திருத்திவிட்டு மேலே போவீர்கள். அந்தத் தயக்கம்தான் அளக்கப்படுகிறது. உங்கள் எண்ணத்தையோ நோக்கத்தையோ நடத்தையையோ அது தொடுவதில்லை.

மொத்தம் ஏழு கட்டங்கள். அவற்றில் ஜோடி சேர்ந்து வரும் நான்கு (3, 4, 6, 7) மட்டும் கணக்கில் வரும். பத்து விநாடிக்கு மேல் எடுத்த பதில்களை நீக்கிவிடுவார்கள். பதில்களில் பத்து சதவீதத்துக்கு மேல் 0.3 விநாடிக்கும் குறைவாக வந்திருந்தால், ‘பார்க்காமலே தட்டியிருக்கிறார்’ என்று முழுச் சோதனையும் தள்ளப்படும். இரண்டு வகை ஜோடிகளின் சராசரி நேரங்களைக் கழித்து, வந்த வித்தியாசத்தை உங்கள் பதில் நேரங்களின் திட்ட விலக்கத்தால் (நேரங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) வகுத்தால் கிடைப்பது ‘டி’ மதிப்பெண். 0.15-இலிருந்து ‘இலேசானது’, 0.35-இலிருந்து ‘நடுத்தரம்’, 0.65-இலிருந்து ‘வலுவானது’.

ஒரு மாதிரிக் கணக்கு. எளிய ஜோடியில் உங்கள் சராசரி 720 மில்லி விநாடி, கடின ஜோடியில் 900, திட்ட விலக்கம் 260 என்று வைத்துக்கொள்வோம். 180-ஐ 260-ஆல் வகுத்தால் 0.69, அதாவது ‘வலுவானது’. மறுநாள் 760, 830, விலக்கம் 270 என்றால் 0.26, அதாவது ‘இலேசானது’. அந்த ‘வலுவான’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விநாடி. வலு, இலேசு என்ற பெயர்கள் ஆய்வாளர்கள் தங்கள் வசதிக்காக எண்களில் போட்ட கோடுகள். 0.64 வாங்கியவருக்கும் 0.66 வாங்கியவருக்கும் மனத்தில் எந்த வேறுபாடும் இல்லை. திரையில் வரும் வாக்கியம் மட்டும் மாறிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மதிப்பெண் இரு குழுக்களை ஒப்பிட்டு மட்டுமே பேசுகிறது. கறுப்பினத்தவர் மீது உங்களுக்கு வெறுப்பு என்று அதற்குப் பொருள் இல்லை. இரு குழுவினரையும் ஒருவருக்குப் பிடித்திருக்கலாம், ஒன்றை நல்ல சொல்லோடு சேர்ப்பது மட்டும் சற்று வேகமாக வந்திருக்கலாம். அதற்கும் இதே எண் வரும்.

இரண்டில் எது உண்மையான மதிப்பெண்?

இரண்டுமே உண்மை, இரண்டுமே பிழை கலந்தவை. இந்தச் சோதனையை ஒரே ஆள் வேறு வேறு நாளில் செய்தால் இரண்டு முடிவுகளுக்கும் இடையிலான ஒட்டுறவு சுமார் 0.5 என்று கணிக்கப்பட்டிருக்கிறது. 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடர்பே இல்லை. தனிமனிதரைப் பற்றி முடிவெடுக்கும் கருவிக்கு 0.5 போதாது. எடை பார்க்கும் இயந்திரம் இப்படித் தடுமாறினால் எந்த மருத்துவரும் அதை வைத்து மருந்து எழுத மாட்டார்.

எந்த ஜோடி முதலில் வந்தது என்பதும் எண்ணை அசைக்கும். கைக்குப் பழகிய முதல் ஜோடி எளிதாகவும், அடுத்து வருவது கடினமாகவும் தோன்றுவது இயல்பு. அதோடு, முதல் முறை செய்பவர்களுக்குப் பெரிய எண் வருவதும் பழகப் பழக அது சுருங்குவதும் தெரிந்த விஷயம். ஆகவே உங்கள் இரண்டாவது மதிப்பெண் குறைந்ததைக் கண்டு ‘திருந்திவிட்டேன்’ என்றும் எண்ண வேண்டாம்.

இதை ‘ஆழ்மனத்தின் எக்ஸ்ரே’ என்று உங்கள் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்தப் படிமத்தைக் கைவிடுங்கள். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், சோதனைக்கு முன்பே ‘உங்களுக்கு என்ன முடிவு வரும்?’ என்று பங்கேற்பாளர்களைக் கேட்டபோது, பலரும் பெரும்பாலும் சரியாகவே ஊகித்தார்கள். முற்றிலும் நம் பார்வைக்கு எட்டாத ஒன்றாக இருந்தால் அது நடக்காது. மனம் கொஞ்சம் சும்மா இருந்து கவனித்தால் எட்டிப் பார்க்கக்கூடிய இடத்தில்தான் இது இருக்கிறது.

நிறத்தால் புண்பட்டவருக்கு இது வராதா?

வரும். ‘அடிபட்டவள் இதைச் சுமக்க மாட்டாள்’ என்று நீங்கள் நம்பியிருந்தீர்கள், அதனால்தான் இவ்வளவு அதிர்ச்சி. கறுப்பினத்தவர்களிலேயே கணிசமானோருக்கு இந்தச் சோதனையில் வெள்ளையர் பக்கம் சாய்ந்த முடிவு வருகிறது. இரண்டு குழுவையும் சேராத ஆசியர்களிடமும் சராசரியில் அதே சாய்வு காணப்படுகிறது. நம்மைச் சுற்றிப் புழங்கும் படங்கள், செய்திகள், பேச்சுகள் எல்லாவற்றிலிருந்தும் மூளை இணைப்புகளைக் கட்டிக்கொண்டே இருக்கிறது. அது நம் ஒப்புதலைக் கேட்பதில்லை.

நீங்கள் அமெரிக்கா போவதற்கு வெகு முன்பே, ‘சிவந்த நிறம்’ என்று மணமகள் தேவை விளம்பரம் படித்தும், ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்று சொந்தக்காரர்கள் பேசக் கேட்டும் வளர்ந்தவர். அந்த ‘இருந்தாலும்’ என்ற ஒரு சொல் எத்தனை ஆயிரம் முறை காதில் விழுந்திருக்கும்! முகப்பூச்சு விளம்பரங்கள் வேறு. வெளிறிய முகத்தோடு நல்லதைச் சேர்க்கும் பழக்கம் அங்கிருந்தே உங்கள் கூட வந்திருக்கலாம். அமெரிக்க இனச் சோதனையில் அதுவும் ஓரளவு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. தோல் நிறத்துக்கு மட்டும் தனி ஐ.ஏ.டி. ஒன்று இருப்பதே, இனமும் நிறமும் ஒன்றல்ல என்பதால்தான். காயம்பட்டதும் கற்றுக்கொண்டதும் ஒரே இடத்தில் நடந்திருக்கின்றன. இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை.

அப்படியானால் கணவர் சொல்வது சரியா?

பாதி. மதிப்பெண்ணை வைத்து ஒருவரின் நடத்தையைக் கணிப்பது கடினம் என்பது உண்மை. இதை உருவாக்கியவர்கள் 2009-இல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, கறுப்பு–வெள்ளைச் சோதனைக்கும் நடத்தைக்கும் இடையே 0.24 ஒட்டுறவு கிடைத்தது. 2013-இல் விமர்சகர்கள் தொகுத்தபோது அது 0.15. பிறகு 2019-இல் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வறிக்கைகளைச் சேர்த்துப் பார்த்ததில் சராசரி 0.1 அளவுக்கு இறங்கியது. 0.1 என்றால், மனிதர்களின் நடத்தையில் நாம் காணும் வேறுபாடுகளில் ஒரு சதவீதத்தைத்தான் இந்த எண் விளக்குகிறது.

ஆனால் ‘அளவுகோல் பலவீனம்’ என்பதிலிருந்து ‘அளக்கப் போன பொருளே இல்லை’ என்று தாவுவது தவறு. பாகுபாடு நடக்கிறது என்பதற்கு ஐ.ஏ.டி. தேவையே இல்லை. தமிழ்நாட்டில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா சென்ற பொருளியலாளர் செந்தில் முல்லைநாதனும் மரியான் பெர்ட்ரண்டும் பாஸ்டனிலும் சிகாகோவிலும் சுமார் 5,000 போலி விண்ணப்பங்களை அனுப்பி 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். தகுதிகள் ஒரே தரம், பெயர்தான் வேறு. எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்களுக்கு 9.65 சதவீத அழைப்பு. லக்கீஷா, ஜமால் போன்ற கறுப்பினத்தவர் பெயர்களுக்கு 6.45 சதவீதம். முன்னவருக்கு பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு என்றால், பின்னவர் பதினைந்து அனுப்ப வேண்டும். அந்த விண்ணப்பங்களைப் புரட்டியவர்களில் பலர் உங்களைப் போலவே தங்களை நியாயமானவர்கள் என்று நம்பியிருப்பார்கள்.

கூட்டமாகப் பார்க்கும்போது ஐ.ஏ.டி.யும் பயனுள்ள கருவியே. லட்சக்கணக்கானோரின் சராசரியில் தனிமனிதத் தடுமாற்றங்கள் ஒன்றையொன்று சமன்செய்துவிடும். அமெரிக்காவில் 2007 முதல் 2016 வரை செய்யப்பட்ட 44 லட்சம் சோதனைகளை ஆராய்ந்ததில், இனம் பற்றிய சாய்வு சுமார் 17 சதவீதம் குறைந்திருந்தது தெரிந்தது. ஒரு சமூகத்துக்குச் சரியாக இருக்கும் கருவி ஓர் ஆளுக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை.

மதிப்பெண்ணைச் சபையில் சொல்ல வேண்டுமா?

வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சோதனையை நடத்தும் ‘புராஜெக்ட் இம்ப்ளிசிட்’ அமைப்பே இதை ஆள் தேர்வுக்கோ தனிமனிதரைப் பற்றிய தீர்ப்புக்கோ பயன்படுத்தக் கூடாது என்கிறது. பயிலரங்குக்கு முன்பே ஹெச்.ஆருக்கு நான்கு வரி எழுதுங்கள்: ‘பயிலரங்கில் முழுமையாகப் பங்கேற்கிறேன். இந்தச் சோதனை தனிமனித மதிப்பீட்டுக்கு ஏற்றதல்ல என்று அதை நடத்துபவர்களே சொல்வதால், என் மதிப்பெண்ணைப் பகிர விரும்பவில்லை. மதிப்பெண் எங்காவது பதிவு செய்யப்படுமா, யார் பார்ப்பார்கள், பணி மதிப்பீட்டில் சேருமா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். இலக்காக, எங்கள் குழுவின் ஆள் தேர்வு முறையை மாற்றித் தருகிறேன்.’ மறுத்தும் வற்புறுத்தினால், அந்த மின்னஞ்சல்களோடு ஒரு வேலைச் சட்ட வழக்கறிஞரைப் பாருங்கள். அதுவரை சண்டை போடும் தொனி வேண்டாம். ஹெச்.ஆரில் இருப்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் இதைச் செய்கிறார்கள் என்றே உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

‘மூன்று மாதத்தில் குறைப்பது’ என்ற இலக்கும் நடக்கிற காரியம் அல்ல. மதிப்பெண்ணைக் குறைப்பதாகத் தெரிந்த ஒன்பது வழிகளை 2016-இல் வெளியான ஆய்வில் மறுபடி சோதித்தார்கள். உடனடியாக எல்லாமே குறைத்தன. சில மணி நேரம் முதல் சில நாட்களுக்குப் பிறகு பார்த்தால் எதன் பலனும் தங்கவில்லை. அதோடு, எளிய கட்டத்தில் வேண்டுமென்றே மெதுவாகத் தட்டினாலே எண் இறங்கிவிடும். இலக்கு வைத்தால் உங்கள் சக ஊழியர்கள் கற்றுக்கொள்ளப்போவது அந்த வித்தையைத்தான்.

விலக வேண்டாம், முறையை மாற்றுங்கள்

நீங்கள் விலகினால் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்காருவார். அவரும் இதே உலகத்தில் வளர்ந்தவர், ஆனால் உங்களைப் போல யோசித்துப் பார்க்காதவராக இருக்கலாம். நாற்காலியில் இருங்கள், உங்கள் உள்ளுணர்வுக்கு வேலை இல்லாதபடி நேர்காணலை அமையுங்கள். ஒரே கேள்விகள், ஒரே அளவுகோல் கொண்ட நேர்காணல், மனம்போனபடி பேசும் நேர்காணலைவிட வேலைத் திறமையை நன்றாகக் கணிக்கும் என்பது பல பத்தாண்டு ஆய்வில் திரும்பத் திரும்பத் தெரிந்த முடிவு.

முதல் விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்பே வேலைக்குத் தேவையான நான்கைந்து தகுதிகளையும் ஒவ்வொன்றுக்கும் எத்தனை மதிப்பெண் என்பதையும் எழுதித் தேதி போட்டு வையுங்கள். விண்ணப்பங்களைப் பார்த்த பிறகு எழுதினால், பிடித்தவருக்கு ஏற்றபடி தகுதி வளைந்துகொடுக்கும். பெயர், முகவரி, படம் ஆகியவற்றை மறைத்துத் தரும்படி ஹெச்.ஆரைக் கேளுங்கள். மாணவர் சங்கப் பெயர் போன்றவற்றால் இனம் தெரிந்துவிடும் என்பதால் இது முழுக் காப்பு அல்ல, ஆனாலும் முதலில் சலித்தெடுக்கும்போது உதவும்.

நேர்காணலில் ஐந்தாறு கேள்விகள் போதும். எல்லோருக்கும் ஒரே வரிசை, ஒரே நேரம். 1 முதல் 5 வரை மதிப்பெண் என்றால், 1 பெறும் பதில் எப்படி இருக்கும், 3 எப்படி, 5 எப்படி என்று ஒரு வரி உதாரணம் எழுதிவையுங்கள். ஒவ்வொரு பதிலும் முடிந்த கையோடு எண்ணைப் போடுங்கள். மற்ற நேர்காணலாளர்களும் தனித்தனியே போட்டுச் சமர்ப்பித்த பிறகே பேச்சு. பெரும்பாலான அலுவலகங்களில் இந்த இடத்தில்தான் முறை உடைகிறது. மூத்தவர் ஒருவர் ‘எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை’ என்று முதலில் வாயைத் திறந்ததும், மற்றவர்கள் தங்கள் எண்ணை மாற்றிவிடுகிறார்கள். உங்கள் குழுவில் அந்த மூத்தவர் நீங்கள்தான், ஆகவே கடைசியாகப் பேசுங்கள்.

‘கம்யூனிகேஷன்’, ‘டீமுக்கு ஒத்துவருவாரா’ போன்ற சொற்களை அப்படியே விடக் கூடாது. நேர்காணல் செய்பவரின் விருப்பு வெறுப்பெல்லாம் வந்து குடியேறும் காலி அறைகள் அவை. ‘கணினி சர்வர் செயலிழந்த ஒரு சம்பவத்தை, தொழில்நுட்பம் தெரியாத வாடிக்கையாளருக்குப் பத்து நிமிடத்தில் விளக்கச் சொல்வோம். காரணம், பாதிப்பு, அடுத்த நடவடிக்கை மூன்றையும் சொன்னால் 5’ என்று எழுதினால் அங்கே வேறெதற்கும் இடம் இருக்காது. உச்சரிப்பு அந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் கவனியுங்கள். நம் உச்சரிப்பை வைத்து நம்மை எடைபோட்டவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பிறகு எண்ணிக்கை. விண்ணப்பித்தவர், சலித்தெடுக்கப்பட்டவர், நேர்காணல், வேலை வாய்ப்பு என்று ஒவ்வொரு கட்டத்திலும் எந்தக் குழுவில் எத்தனை பேர் என்ற மொத்தக் கணக்கை ஹெச்.ஆரிடம் கேளுங்கள். பெயரைப் பார்த்து நீங்களே இனத்தை ஊகிக்க வேண்டாம். விண்ணப்பதாரர் தாமாகத் தரும் அந்தத் தகவல் ஹெச்.ஆரிடம் தனியாக இருக்கும், தேர்வு செய்பவர் கைக்கு வரக் கூடாது. அமெரிக்க அரசின் 1978 வழிகாட்டுதலில் ஐந்தில் நான்கு பங்கு என்ற விதி உண்டு. 40 வெள்ளையரில் 12 பேர் (30 சதவீதம்) தேறி, 20 கறுப்பினத்தவரில் 3 பேர் (15 சதவீதம்) மட்டும் தேறினால், 15 என்பது 30-இல் பாதி. 80 சதவீதத்துக்கு மிகக் கீழே இருப்பதால் முறையை ஆராய வேண்டும். இரண்டு பேரை எடுக்கும் ஒரு சுற்றில் இந்தக் கணக்கு ஆட்டம் காணும், ஓர் ஆள் கூடினாலே விகிதம் தலைகீழாகும். ஓராண்டுத் தேர்வுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

தோழியிடம் மன்னிப்புக் கேட்பது பற்றி. இந்த மதிப்பெண்ணைக் கொண்டுபோய் அவர் மடியில் வைக்காதீர்கள். உங்களைத் தேற்ற வேண்டிய பாரம் அவர் தலையில் விழும். ‘பரவாயில்லை’ என்று சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்காது. அவரிடம் ஏதாவது தவறாக நடந்திருந்தால், அந்தச் செயலுக்கு மன்னிப்புக் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் நட்பு இருந்தபடியே இருக்கட்டும். அவராக இந்தப் பேச்சை எடுத்தால் மறைக்காமல் பேசுங்கள்.

போன மாத இளைஞர்

உங்கள் உறுத்தலுக்கு மதிப்புக் கொடுங்கள். அதற்கு ஆதாரம் ஐ.ஏ.டி. அல்ல, உங்கள் குறிப்பேடு. அவரது நேர்காணல் குறிப்பையும், அதே கேள்விகளுக்கு மற்றவர்கள் தந்த பதில்களின் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ‘கம்யூனிகேஷன் சரியில்லை’ என்பதற்குக் கீழே ஓர் உதாரணமாவது எழுதியிருக்கிறீர்களா? அதே குறை வேலை பெற்றவரிடமும் இருந்ததா? ஆதாரம் இருந்தால் முடிவு நிற்கட்டும், உறுத்தலும் அடங்கும்.

இல்லையென்றால் ஹெச்.ஆரிடம் நேராகச் சொல்லுங்கள்: ‘என் மதிப்பீட்டுக்குப் போதிய ஆதாரம் எழுதவில்லை. இவரை வேறு குழு ஒன்று புதிதாக மதிப்பிட வேண்டும்.’ பழைய குறிப்புகளில் ஒரு வரியைக்கூட மாற்றவோ அழிக்கவோ கூடாது. தனியார் நிறுவனங்கள் ஆள் தேர்வுப் பதிவுகளை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அவருக்கு நீங்களாகத் தனிச்செய்தி அனுப்புவதும் வேண்டாம், அழைப்பு நிறுவனத்திலிருந்து போகட்டும். அடுத்த மாத இரண்டு இடங்களும் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன. புதிய விண்ணப்பங்கள் வந்து குவிவதற்கு முன்பாக, இந்த வாரத்திலேயே அந்தக் கோப்பைத் திறந்துவிடுங்கள்.